தண்டவாளம் இல்லாத மேட்டுச் சந்தை

என் அன்புக்கும் நக்கலுக்கும் என்றைக்கும் உரிய பூமணி மச்சாளுக்கு,

அடுத்த கிழமை உங்களுடைய ஆண்டுத் திவசம். என்ன படைப்பது என்று நானும் உங்கள் மகள் சுகந்தியும் நேற்று ஒன்றாக இருந்து கதைத்தோம். செத்தவர்களுக்கு விருப்பமானதைத்தானே படைக்க வேண்டும். உங்களுக்கு விருப்பமானது முட்டைக்கோவா வறை. இன்றைக்கு இந்த மாங்குளம் முழுக்கத் தேடினாலும் ஒரு கோவா இலை கிடையாது.

பாதையைப் பூட்டிவிட்டார்கள் மச்சாள். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் நினைத்தால் திறக்கிறார்கள், நினைத்தால் மறிக்கிறார்கள். வவுனியாவிலிருந்து மரக்கறி லொறி வந்து கனநாள். சீனி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மேலே விமானம் சுற்றினால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துப் பதுங்குகுழிக்கு ஓடுகிறார்கள். நீங்கள் இருந்தால் இதற்கும் ஏதாவது நக்கல் வைத்திருப்பீர்கள். எனக்கு அப்படி வராது. ஆனால் ஒரு நல்ல புதினம் இருக்கிறது. அதை உங்களுக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

முதலில் அந்தக் கோவாக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் திவசத்தன்று இந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்கிறவர்கள் உங்களை ஏதோ கொள்கைக்காரி என்று நினைத்துவிடுவார்கள்.

சமாதானம் வந்து பாதை திறந்த புதிதில் முதல் மரக்கறி லொறி சந்தியில் வந்து நின்றபோது, அதற்குப் பின்னால் ஓடிய முதல் ஆள் நீங்கள்தான். தோட்டம் வைத்திருக்கிற மனுசி, கத்தரியும் பயித்தங்காயும் வீட்டில் காய்த்துக் கொட்டுகிறது, ஓடிப்போய்க் கோவா வாங்கினீர்கள். எத்தனை வருசம் நாங்கள் கோவாவைக் கண்ணாலேயே காணவில்லை. ஒரு குழந்தைப்பிள்ளையை அணைக்கிற மாதிரி அதை அணைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். வறை வறுத்த பிறகு அடிக்கட்டையை எறிய மனமில்லாமல் கிணற்றடியில் நட்டு, நாளுக்கு இரண்டு தரம் தண்ணீர் ஊற்றினீர்கள். அது இலை இலையாக விட்டதே தவிர உருண்டு வரவில்லை. கடைசியில் அந்த இலையையும் பிடுங்கி வறுத்துவிட்டு, "உருளாட்டி என்ன, கோவா கோவாதானே" என்றீர்கள். நான் சிரித்துச் சிரித்து வயிறு நொந்து போனேன்.

அதனால் லொறிக்கு நீங்கள் எதிரி இல்லை. நானும் இல்லை. லொறி கொண்டுவந்த வவுனியாத் தம்பி நல்ல பிள்ளை. என் சாப்பாட்டுக் கடையில்தான் சோறு தின்பான், தின்ற தட்டைத் தானே கழுவி வைப்பான். ஆனால் லொறி லொறிதான், சந்தை சந்தைதான். அதை எனக்கு விளங்கவைத்தது நீங்கள் சாக்கு விரித்த இடம்.

அந்த இடத்தை நினைத்துப் பார்க்கிறேன். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது மாங்குளத்தில் கால் வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் மண்டையோடு கீறின மிதிவெடிப் பலகை. பயமில்லாமல் நடக்கக்கூடிய நிலம் என்றால் பழைய புகையிரதப் பாதைதான். தண்டவாளத்தை எந்தக் காலத்திலோ பதுங்குகுழிக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கல்லும் மேடும் மட்டும் மிச்சம். அந்த மேட்டில் நீங்களும் மாரிமுத்து அண்ணையும் உரப்பைகளை விரித்துக் கத்தரிக்காயையும் பூசணிக்காயையும் வைத்தீர்கள். பிறகு கீரைக்காரி வந்தாள், இரணைமடுக் குளத்து மீனோடு ஒருவர் வந்தார், அப்படியே ஒரு வரிசை வந்துவிட்டது. ஓடாத ரயிலுக்கு இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள்.

நான் அப்போதுதான் சந்தியில் தகரக் கொட்டில் போட்டுச் சாப்பாட்டுக் கடை தொடங்கியிருந்தேன். உங்கள் தம்பியை, என் மனுசனை, இடம்பெயர்ந்த இடத்தில் விழுந்த செல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு எனக்கு இருந்தது இரண்டு கையும் ஒரு சட்டியும்தான். விடியற்காலையில் மரக்கறி எடுத்தால்தான் மத்தியான பஸ்ஸுக்கு முன்னம் கறி இறக்கலாம். அதனால் சந்தைக்கு முதல் ஆளாக வந்து சேருவது நான்தான். ஆனால் முதல் ஆளாக வாங்க முடியாது.

நம் சனத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? முதல் வியாபாரம் யாரோடு என்று எல்லோரும் பார்ப்பார்கள். கைராசியுள்ள ஆள் முதலில் வாங்கினால் சாக்கு வெறுமையாகும் என்பார்கள். பொட்டில்லாத நெற்றியோடு விடியமுன் ஒருத்தி போய் நின்றால் விற்கிறவரின் முகம் சுருங்கும். யாரும் என்னைப் போ என்று சொன்னதில்லை, சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. நானாகவே மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பாலை மரத்துக்குக் கீழே ஒதுங்கி நிற்பேன். யாராவது ஒருவர் வந்து ஏதாவது வாங்கின பிறகு மெல்ல இறங்கி வருவேன். என் உலை அங்கே கொதித்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் நீங்கள் தலையை நிமிர்த்திப் பார்த்தீர்கள்.

"என்ன மச்சாள், மரத்துக்குக் காவலோ?"

"முதல் ஆராவது வாங்கட்டும். பேந்து வாறன்."

"ஏன்?"

"ஏனெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

நீங்கள் எழும்பிச் சீலையைத் தட்டினீர்கள். "இஞ்ச வாரும். என்ர முதல் வியாபாரம் இண்டைக்கு உம்மோடதான்."

பக்கத்தில் இருந்த மாரிமுத்து அண்ணை தொண்டையைச் செருமினார். தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து இந்தக் காட்டை வெட்டித் தோட்டமாக்கின மனுசன், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, ஆனால் அவருக்கும் பயம். "அதுக்கில்லம்மா, காலங்காத்தால..." என்று இழுத்தார்.

"அண்ணை, என்ர நெத்தியையும் ஒருக்காப் பாருங்கோ. விக்கிற ஆளுக்குப் பொட்டில்லை. வாங்கிற ஆளுக்கு மட்டும் என்னத்துக்கு?"

அவர் தன் பூசணிக்காயைத் திருப்பி அடுக்கத் தொடங்கினார். நான் குனிந்து கத்தரிக்காய் பொறுக்கினேன். நீங்கள் காசை வாங்கித் தராசில் தொட்டுக் கண்ணில் ஒற்றினீர்கள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு என் கையிலிருந்து போனதை ஒருவர் கண்ணில் ஒற்றுவதைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் சகுனம் சொல்வார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

அன்றைக்கு என்ன நடந்தது? கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. சனம் கலைந்து போக, உங்கள் கத்தரிக்காயில் பாதி சாக்கிலேயே கிடந்தது. அடுத்த நாள் நான் சந்தைப் பக்கம் வரவே இல்லை. நீங்கள் விட்டீர்களா? தெருவைக் கடந்து என் கடை வாசலில் வந்து நின்று, பஸ்ஸுக்கு நின்ற சனம் எல்லாம் கேட்கச் சத்தம் போட்டீர்கள். "நேற்று மழை பெய்ததுக்கு நீர்தான் காரணமெண்டால், மச்சாள், வைகாசியில எங்கட கிணறு வத்தினாலும் உம்மைத்தான் கூப்பிடுவன். இப்ப வாரும், நேரம் போகுது."

அதற்குப் பிறகு ஒரு விடியலும் நான் மரத்தடியில் நின்றதில்லை.

அந்த மேட்டில் வாங்குவது என்றால் என்ன என்று நான் மெல்ல மெல்லத்தான் படித்தேன். "இந்தப் பயித்தைக்கு முந்தநாள்தான் மருந்தடிச்சனான், இண்டைக்கு எடுக்காதையும்" என்று விற்க வந்த சாமானை விற்கமாட்டேன் என்று சொன்ன ஆள் நீங்கள். எந்த லொறி எனக்கு அப்படிச் சொல்லும்? பூச்சி குத்தின கத்தரிக்காயை நான் தள்ளி வைத்தால், "பூச்சி உயிரோட இருக்கிற காயைத் திண்டால் நாங்களும் உயிரோட இருப்பம்" என்று திரும்ப என் பையிலேயே போடுவீர்கள். உங்களிடம் நான் கொடுத்த காசில் நீங்கள் மாரிமுத்து அண்ணையிடம் பூசணிக்காய் வாங்குவீர்கள். அவர் அந்தக் காசோடு என் கடைக்கு வந்து தேத்தண்ணி குடிப்பார். காசு மாங்குளத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. லொறிக்குக் கொடுத்தால் அது புழுதியைக் கிளப்பிக்கொண்டு தெற்கே போய்விடும், பிறகு திரும்பி வராது.

எனக்கு மலேரியா வந்து படுத்தபோது கடை பூட்டிக் கிடக்கக்கூடாது என்று சந்தைக்காரர் நீங்கள் எல்லோரும் மாறி மாறி வந்து சமைத்தீர்களே, அதை மறப்பேனா? மாரிமுத்து அண்ணை வைத்த குழம்பு வாயில் வைக்க முடியாத உறைப்பு என்று பஸ்காரர்கள் கனநாள் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் கடை திறந்திருந்தது.

பிறகு லொறிகள் கூடின. சனத்துக்குக் கரட்டிலும் லீக்ஸிலும் ஆசை. கலியாண வீடென்றால் போஞ்சி இல்லாமல் பந்தி இல்லை என்றாகிவிட்டது. மினுங்குகிற காயைக் கண்டால் யாருக்குத்தான் கை நீளாது? நான் குறை சொல்லவில்லை. ஆனால் மேட்டில் சாக்குகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கீரைக்காரி வரவில்லை. மீன்காரர் சந்திக்குப் போய்விட்டார். வவுனியாத் தம்பி என் கடைக்கு வந்து, "அக்கா, நீங்கள் ஏன் விடியவெள்ளன அலையிறியள்? நான் வாசலிலேயே இறக்கித் தாறன், காய் கழுவித்தான் வரும்" என்றான். அவன் அன்பாகத்தான் கேட்டான். நான் வேண்டாம் என்றேன். "ஏன் அக்கா?" என்றான். "எனக்கு வியாபாரம் மட்டும் போதாது தம்பி, மனுசரும் வேணும்" என்றேன். அவனுக்கு அது விளங்கியதோ தெரியாது.

அப்போதுதான் நீங்கள் காய்ச்சல் என்று படுத்தீர்கள். நாளைக்கு எழும்பிவிடுவேன், வெண்டி முத்தப் போகிறது என்றீர்கள். எழும்பவில்லை. கிளிநொச்சி ஆசுபத்திரியிலிருந்து உங்களைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அந்த வெண்டிக்காய் எல்லாம் செடியிலேயே முற்றித் தடித்துப் போயிருந்தது. அதைப் பார்க்க எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வந்தது. இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போவீர்களா?

செத்த வீடு முடிந்து நான் திரும்பச் சந்தைக்குப் போன அன்றைக்கு, என் கால் தன்பாட்டில் பாலை மரத்துக்குக் கீழே போய் நின்றுவிட்டது. கூப்பிட நீங்கள் இல்லையே. உங்களுடைய சாக்கு விரிக்கிற இடம் வெறுமையாகக் கிடந்தது, அதில் யாரும் குந்தவில்லை. மாரிமுத்து அண்ணை எழும்பி வந்தார்.

"ஏம்மா அங்க நிக்கிறீங்க? வாங்க. இன்னிக்கு நம்மகிட்ட தொடங்குங்க."

கேட்டீர்களா மச்சாள்? அதே மாரிமுத்து அண்ணைதான்.

ஆனால் சுகந்தி வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். உங்கள் கத்தரிப் பாத்தியில் புல் முழங்கால் அளவு. பிள்ளை விறாந்தையில் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கிளிநொச்சியில் ஒரு புடவைக் கடையில் வேலை சொல்லியிருக்கிறார்களாம். தோட்டத்தை அப்படியே விடப்போகிறாளாம்.

"நாத்து மேடையில கத்தரிக் கண்டு வளந்து நிக்குது பிள்ளை. நடேல்லையோ?"

"ஆருக்கு மாமி நடுறது? சந்தியில லொறி நிக்குது. அம்மா கடைசியில பாதியைத் திருப்பித்தான் கொண்டு வந்தவா. ஆர் வாங்கப்போகினம்?"

"எனக்கு நடு."

"என்ன மாமி?"

"எனக்கு நடு எண்டுறன். நீ கொண்டு வாற காய்தான் என்ர கடையில கறி. ஒருநாள் கத்தரி எண்டால் கத்தரி, முருங்கை இலை எண்டால் முருங்கை இலை. விக்காமல் நீ ஒண்டையும் திருப்பிக் கொண்டு போகமாட்டாய். அது என்ர பொறுப்பு."

அவள் பையைத் தள்ளி வைத்தாள். பிறகு எழும்பிப் போய் மண்வெட்டியை எடுத்தாள். பையில் அடுக்கின உடுப்பு அன்றைக்கு முழுக்க விறாந்தையிலேயே கிடந்தது.

பொறுப்பு என்று வாயால் சொல்வது சுகம். பஸ்ஸில் வருகிறவர்கள் கரட் சம்பல் இல்லையோ என்பார்கள். இல்லை என்பேன். ஒருவர், "நாள் முழுக்கக் கத்தரிக்காயோ?" என்றார். "நேற்று வெள்ளை, இண்டைக்கு ஊதா, வித்தியாசம் தெரியேல்லையோ?" என்றேன். சிலர் அடுத்த கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். ஆனால் அந்த அடுத்த கடைக்காரரை விடவில்லை. ஒவ்வொரு நாளும் போய் வாசலில் நின்று, "உங்கட குழம்பு ஏன் சப்பெண்டு இருக்குது தெரியுமோ? லொறியில ரெண்டு நாள் கிடந்த காய். ஒருக்கா மேட்டுக்கு வந்து பாருங்கோ" என்றேன். என் வாய்க்குப் பயந்தோ, உண்மையிலேயே ருசி கண்டோ, அவர் வரத் தொடங்கினார். பள்ளிக்கூட விடுதிக்குச் சமைக்கிற அக்காவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். எனக்குச் சண்டைக்காரி என்று ஒரு பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரும் உங்களிடமிருந்து வந்த சொத்து என்று வைத்துக்கொள்கிறேன்.

வாங்க ஆள் வந்தால் விற்க ஆள் வரும். கீரைக்காரி திரும்பி வந்தாள். மீன்காரரும் வந்தார். சிலர் இரண்டு பாத்தி கூட வெட்டினார்கள். அவ்வளவுதான் நடந்தது, பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. நான் நினைத்தது சுகந்தியைப் பற்றி மட்டும்தான். ஒரு ஊரைப் பற்றி நான் நினைக்கவில்லை.

பிறகுதான் பாதை பூட்டியது.

முதல் இரண்டு மூன்று நாள் சனம் சந்தியில் நின்று லொறி வருமா என்று பார்த்தது. பிறகு எல்லோரும் மேட்டைப் பார்த்தார்கள். அன்றைக்குப் பார்த்து நான் பிந்திவிட்டேன். மண்ணெண்ணெய் இல்லாததால் ஈர விறகோடு ஊதிப் போராடிவிட்டு ஓடி வந்தேன். வந்தால், சந்தியிலிருந்து மேடு வரைக்கும் சனம். கரட் கேட்டவர்கள், போஞ்சி இல்லாமல் பந்தி வைக்கமாட்டேன் என்றவர்கள், எல்லோரும் பையோடு நிற்கிறார்கள். ஒருவருடைய பையிலும் ஒரு காய் இல்லை. காய் வரவில்லையோ? எட்டிப் பார்த்தேன். சாக்குகளில் கத்தரியும் வெண்டியும் பூசணியும் குவிந்து கிடக்கிறது. உங்களுடைய இடத்தில் சுகந்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், உங்களைப் போலவே.

"பிள்ளை, எவ்வளவு நேரம் நிக்கிறது? நிறுத்துத் தாவன்" என்று ஒருவர் சத்தம் போட்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. மாமி இன்னும் வரேல்லை."

"ஆர் மாமி? மாமிக்கும் காய்க்கும் என்ன சம்பந்தம்?"

"முதல் வியாபாரம் மாமியோடதான். லொறி வந்த காலத்திலயும் அவா இஞ்சதான் வாங்கினவா. அவா வாங்கினதாலதான் இண்டைக்கு நிலத்தில காய் நிக்குது. அவா வரட்டும், பேந்து எல்லாருக்கும் தாறன். விலை ஏத்தமாட்டம், பயப்படாதேங்கோ."

"அந்தா வாறாங்க பாருங்க" என்றார் மாரிமுத்து அண்ணை.

சனம் திரும்பிப் பார்த்தது. எல்லோரும் விலகி எனக்கு வழி விட்டார்கள் மச்சாள். பொட்டில்லாத இந்த நெற்றிக்கு, விடியற்காலையில், பசியோடு நின்ற அவ்வளவு சனமும் வழி விட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கால் பழக்கத்தில் பாலை மரத்துப் பக்கம் திரும்பியது.

"அங்க இல்லை மாமி, இஞ்ச" என்றாள் உங்கள் மகள்.

நான் ஒரு பிடி பச்சைமிளகாய் மட்டும் எடுத்தேன். மற்றதை மற்றவர்கள் எடுக்கட்டும். அவள் காசை வாங்கித் தராசில் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றினாள். "ம், இனி வாங்கோ" என்றாள் சனத்தைப் பார்த்து. அன்றைக்கு நான் அழுதேன். சகுனம் பார்க்க ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை.

இதுதான் மச்சாள் புதினம். மாரி மழை தொடங்கிவிட்டது. நாளைக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாது, இரவில் தூரத்தில் வெடி கேட்கிறது. என்றாலும் சுகந்தி அடுத்த நாற்றைப் போட்டுவிட்டாள். திவசத்துக்கு வாழை இலையில் அவள் பாத்தியில் காய்த்து நிற்கிற கத்தரிக்காயில்தான் பால்கறி வரும், பூச்சி குத்தினதையும் தள்ளமாட்டேன். கோவா இல்லை என்று கோபித்துக்கொண்டு எழும்பிப் போகாதீர்கள்.

ஒன்றை மட்டும் உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். லொறி வந்தாலும் வராவிட்டாலும் விடியலில் நான் அந்த மேட்டில் நிற்பேன். இந்த மேட்டையும் விட்டு எழும்பு என்று எங்களைத் துரத்தினால், எங்கள் ஆட்கள் அடுத்ததாக எந்த மண்ணில் சாக்கை விரிக்கிறார்களோ அங்கே போவேன். அங்கேயும் முதல் ஆளாகப் போவேன், முதல் ஆளாக வாங்குவேன். மரத்துக்குக் கீழே நிற்கமாட்டேன்.

உங்கள் தம்பியின் பெண்சாதி,
உங்கள் மகளுக்கு மாமி,
உங்களுக்கு என்றைக்கும் மச்சாள்
தவம்